அதிக ஓட்டு வாங்கியும் தோற்பது எப்படி? அமெரிக்க அதிபர் தேர்தலின் தேர்வாளர் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நவம்பர் முதல் வாரத்தில், அமெரிக்க அரசியலைப் பற்றிக் கொஞ்சம் எழுதுபவர்களைத் தேடி ஒரே கேள்வி வரும்: "மக்கள் ஓட்டு இவருக்கு அதிகம் என்கிறார்கள், அதிபர் அவர் என்கிறார்கள், எது உண்மை?" இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அடிக்கடி கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து, என் கருத்தையும் மறைக்காமல், இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்க மக்கள் அதிபருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லையா?

சட்டப்படி இல்லை. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர்தான் இருக்கும். அதற்கு எதிரே விழும் ஓட்டோ, அந்த மாநிலத்தில் அவருடைய கட்சி முன்னிறுத்தியிருக்கும் தேர்வாளர்களுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தத் தேர்வாளர்கள் பெரும்பாலும் கட்சிக்கு நெடுங்காலம் உழைத்த உள்ளூர்க்காரர்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களும் மத்திய அரசில் பதவி வகிப்பவர்களும் தேர்வாளர் ஆகக் கூடாது என்று அரசியல் சட்டம் தடுத்திருக்கிறது. பல மாநிலங்களில் இவர்களுடைய பெயர் சீட்டில் அச்சாவதுகூட இல்லை.

நவம்பரில் நடப்பது இவர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அதிபர் தேர்தல் டிசம்பரில், மாநிலத் தலைநகரங்களில் நடக்கிறது. 2024இல் அது டிசம்பர் 17.

மொத்தம் எத்தனை தேர்வாளர்கள்? 270 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஒரு மாநிலத்துக்கு, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை. அதோடு மேலவையான செனட்டுக்காக இரண்டு. பிரதிநிதிகள் சபைக்கு 435, செனட்டுக்கு 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 1961 முதல் கிடைத்துவரும் 3, ஆக 538. அதில் பாதிக்கு ஒன்று கூடுதல், 270.

இவர்கள் ஒன்றுகூடி விவாதித்து முடிவெடுப்பார்களா? 'எலெக்டோரல் காலேஜ்' என்றுதானே பெயர்?

'எலெக்டோரல் காலேஜ்' என்ற சொல்லே அமெரிக்க அரசியல் சட்டத்தில் கிடையாது. தேர்வாளர்கள் என்று மட்டுமே இருக்கிறது. 538 பேரும் ஒரு கூரையின் கீழ் ஒருநாளும் கூடியதில்லை, கூடக் கூடாது என்பதே ஏற்பாடு. எல்லாரும் ஓரிடத்தில் இருந்தால் பேரமும் சதியும் எளிது என்று பயந்துதான், அவரவர் மாநிலத்தில் ஒரே நாளில் ஓட்டுப் போடச் சொன்னார்கள்.

ஆகவே விவாதம் கிடையாது. காகிதத்தில் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதிலும் கோளாறு வரும். 2004இல் மின்னசோட்டாவின் பத்துத் தேர்வாளர்களும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெரிக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள். சீட்டுகளைப் பிரித்தபோது ஒன்றில் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸின் பெயர் இருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு, 'ஈவர்ட்ஸ்' என்று. ஓட்டு ரகசியமாகப் போடப்பட்டதால் எழுதியவர் யாரென்று தெரியாமலே போயிற்று.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று 1787இல் யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன் நேரடித் தேர்தலுக்காக வாதாடினார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசனோ, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடம் விடுவது, நிறங்களைச் சோதிக்கும் வேலையைக் கண் தெரியாதவரிடம் ஒப்படைப்பது போன்றது என்றார். மக்களை முட்டாள்கள் என்று அவர் சொல்ல வந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் சொன்ன காரணம் நாட்டின் பரப்பு. இவ்வளவு விரிந்த நாட்டில் தூரத்து வேட்பாளரை எடைபோடுவதற்குச் சாதாரண மனிதருக்கு வழி இல்லை என்பதுதான். பத்திரிகை போய்ச் சேரவே வாரங்கள் ஆன காலம்.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் பாடங்களில் அதை மெல்லிய குரலில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஜூலை 19 அன்று ஜேம்ஸ் மேடிசன் எழுந்து, மக்களே தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தமானது என்று ஒப்புக்கொண்டார். உடனே ஒரு சிக்கலையும் சொன்னார். ஓட்டுரிமை வடக்கில் பரவலாக இருக்கிறது, தெற்கில் இல்லை. கறுப்பினத்தவரைக் காட்டித் தெற்கு மாநிலங்கள் இந்தத் தேர்தலில் செல்வாக்குப் பெற முடியாது. பச்சையாகச் சொன்னால், அடிமைகளுக்கு ஓட்டு இல்லை, ஆகவே தலைக்கு ஓர் ஓட்டு என்று எண்ணினால் தெற்கு தோற்கும். தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிட, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தேர்வாளர் எண்ணிக்கையும் அதே இடக் கணக்கில் அமைந்ததால், ஓட்டில்லாத அடிமைகளின் தலை எண்ணிக்கை அவர்களுடைய எஜமானர்களின் கணக்கில் ஏறியது.

விளைவைப் பார்க்க 1792 போதும். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் சுதந்திர மனிதர்களின் தொகை ஏறக்குறைய சமம். தேர்வாளர்களோ வர்ஜீனியாவுக்கு 21, பென்சில்வேனியாவுக்கு 15. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரரே அதிபராக இருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சிறிய மாநிலங்களைக் காப்பாற்றுவதற்காக வந்த முறை என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

சிறிய மாநிலங்களுக்குக் கூடுதல் எடை கிடைக்கிறது என்பது உண்மை. 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மக்கள் தொகை 5.77 லட்சம், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியா 3.95 கோடி, தேர்வாளர்கள் 54. அங்கே 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், இங்கே 7.32 லட்சம் பேருக்கு ஒருவர்.

ஆனால் எடை கூடியதால் வயோமிங்கை யாராவது சீண்டுகிறார்களா? வேட்பாளர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முடிவு முன்பே தெரிந்த மாநிலம் சிறியதானால் என்ன, பெரியதானால் என்ன? 2016இல் பொதுத் தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் 399. அவற்றில் 375 வெறும் 12 மாநிலங்களில் நடந்தன. 2024இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களின் பெயரைத்தான் மூன்று மாதமும் கேட்டோம். இந்த முறை காப்பாற்றுவது சிறிய மாநிலங்களை அல்ல, இழுபறி மாநிலங்களை.

அப்படியென்றால் குற்றவாளி யார்?

என் பார்வையில், ஒரு மாநிலத்தில் ஓர் ஓட்டு முந்தினாலும் அதன் தேர்வாளர்கள் அத்தனை பேரும் முந்தியவருக்கே என்ற விதி. 48 மாநிலங்களும் தலைநகரமும் இப்படித்தான் நடத்துகின்றன. 2020இல் டிரம்புக்கு டெக்சாஸில் கிடைத்ததைவிட அதிக ஓட்டு கலிபோர்னியாவில் கிடைத்தது, 60 லட்சத்துக்கும் மேல். அதனால் அவருக்குக் கிடைத்த தேர்வாளர்கள் பூஜ்யம். 1992இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ நாடு முழுவதும் சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார், அவருக்கும் பூஜ்யம். அதே நேரம் 1968இல் பதினான்கு சதவீதத்தைக்கூடத் தொடாத மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸுக்கு 46 தேர்வாளர்கள், ஏனென்றால் அவருடைய ஓட்டு தெற்கில் குவிந்து கிடந்தது.

ஒரு சோதனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செனட்டுக்காக வரும் அந்த இரண்டிரண்டு ஓட்டைக் கழித்துவிட்டால் என்ன ஆகும்? 2016இல் டிரம்ப் வென்ற மாநிலங்கள் 30. அவருக்கு நியாயமாக வரவேண்டிய 306இல் 60 போனால் 246. ஹிலாரி கிளிண்டனுக்கு 232இல் 42 போனால் 190. அப்போதும் டிரம்ப்தான். சிறிய மாநிலச் சலுகை அல்ல, 'அத்தனையும் ஒருவருக்கே' விதிதான் அங்கே வேலை செய்தது. 2000 தேர்தலில் இதையே செய்தால், அதிபரான புஷ் 211, தோற்ற அல் கோர் 225. அங்கே சலுகைக்கும் பங்கு உண்டு. ஆக, எல்லாப் பழியையும் ஒரே தலையில் போடுவது சரியல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த விதி அரசியல் சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே சட்டம் விட்டுவிட்டது. தென் கரோலினாவில் 1860 வரை மக்கள் ஓட்டே கிடையாது, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது. மெய்னும் நெப்ராஸ்காவும் இன்று தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன: மாநிலம் முழுவதும் வென்றவருக்கு இரண்டு, ஒவ்வொரு தொகுதியிலும் வென்றவருக்கு ஒன்று.

இதனால் நெப்ராஸ்காவின் ஒமஹா நகரத்துக்குத் தனி மவுசு. சுற்றிலும் குடியரசுக் கட்சியின் சிவப்பு. அந்த ஒரு தொகுதி மட்டும் 2008, 2020, 2024இல் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. 2024இல் ஒமஹா வீட்டு வாசல்களில் ஒரு வெள்ளைப் பலகை நட்டிருந்தார்கள். அதில் பெயர் இல்லை, முழக்கம் இல்லை, நடுவில் ஜனநாயகக் கட்சியின் நிறமான நீலத்தில் ஒரு வட்டம் மட்டும். ஊர்க்காரர்களுக்கு அதுவே போதும்.

அதிக ஓட்டு வாங்கித் தோற்றவர்கள் எத்தனை பேர்?

ஐந்து முறை நடந்திருக்கிறது: 1824, 1876, 1888, 2000, 2016. முதல் இரண்டும் வேறு வகை. 1824இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 1876இல் இருபது தேர்வாளர்களைப் பற்றிய தகராறைத் தீர்க்க 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். அது 8-க்கு 7 என்று பிரிந்து, 185-க்கு 184 என ரதர்ஃபோர்ட் ஹேய்ஸை அதிபராக்கியது. அதையொட்டித் தெற்கிலிருந்து மத்திய ராணுவம் விலகியதும், கறுப்பின மக்களின் ஓட்டுரிமை பல தலைமுறைக்குப் பறிபோனதும் தனிக்கதை.

2000ஐ மறக்க முடியாது. கோர் நாடளவில் சுமார் 5.4 லட்சம் ஓட்டு முன்னிலை. ஃபுளோரிடாவில் புஷ் 537 ஓட்டு முன்னிலை. பாம் பீச் மாவட்டத்தின் சீட்டில் வேட்பாளர் பெயர்களை இடமும் வலமுமாக இரண்டு பக்கத்தில் அச்சடித்து, துளையிடும் இடத்தை நடுவில் ஒரே வரிசையாக வைத்திருந்தார்கள். இடப்பக்கம் இரண்டாவதாகக் கோரின் பெயர்; ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் பேட் புக்கனனுடையது, கோருக்கு மூன்றாவது. எத்தனை முதியவர்கள் குழம்பினார்களோ. அட்டையில் குத்திய துளைத் துண்டு முழுதாக விழாமல் தொங்கினால் அது ஓட்டா, இல்லையா என்று அதிகாரிகள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்தியது.

2016இல் ஹிலாரிக்கு ஏறக்குறைய 28.7 லட்சம் ஓட்டு அதிகம். டிரம்ப் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து 78 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

இது குடியரசுக் கட்சிக்குச் சாதகமான முறை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அண்மைக் காலத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றும். 2020இல் பைடன் 70 லட்சம் ஓட்டு முன்னிலையில் இருந்தும், அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சினில் மொத்தம் சுமார் 22 ஆயிரம் பேர் மனம் மாறியிருந்தால் 269-க்கு 269 என்று நின்றிருக்கும். ஆனால் 2004இல் ஒஹையோவில் அறுபதாயிரம் பேர் மனம் மாறியிருந்தால், நாடளவில் 30 லட்சம் ஓட்டுப் பின்தங்கிய கெரி அதிபராகியிருப்பார்.

கொள்கை பேசுபவர்களின் நாக்கும் இதற்கேற்பப் புரளும். 2012 தேர்தல் இரவில் இந்த முறை ஜனநாயகத்துக்குப் பேரழிவு என்று ட்விட்டரில் எழுதியவர் டொனால்ட் டிரம்ப். 2016 நவம்பரில், தான் வென்ற ஒரே வாரத்தில், இது மேதைமையான ஏற்பாடு என்றும் எழுதினார்.

தேர்வாளர் மனம் மாறி வேறொருவருக்குப் போட்டால்?

1796இலேயே தொடங்கியது. ஜான் ஆடம்ஸுக்குப் போட வேண்டிய பென்சில்வேனியாவின் சாமுவேல் மைல்ஸ், ஜெஃபர்சனுக்குப் போட்டுவிட்டார். 'எனக்காகச் செயல்படத்தான் அவரை அனுப்பினேன், யோசிக்க அல்ல' என்ற பொருளில் ஒரு வாக்காளர் பத்திரிகைக்குக் கொதித்து எழுதினார். அறிவுள்ளவர்கள் கூடிச் சீர்தூக்கித் தலைவரைத் தேர்வார்கள் என்று, அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதி எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் தேர்வாளர் என்பவர் தபால்காரர் ஆகிவிட்டார்.

2016இல் ஏழு பேர் மாறிப் போட்டார்கள். அவர்களில் நால்வர் வாஷிங்டன் மாநிலத்தவர்; தலைக்கு ஆயிரம் டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மாநிலம் தேர்வாளரைக் கட்டுப்படுத்தலாம் என்று 2020 ஜூலையில் ஒருமனதாகத் தீர்ப்பானது. தாவலால் இதுவரை எந்த அதிபர் தேர்தலும் புரண்டதில்லை.

270 யாருக்கும் கிடைக்காவிட்டால்?

பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அதில் கலிபோர்னியாவின் 52 பேருக்கும் சேர்த்து ஓர் ஓட்டு, வயோமிங்கின் ஒரே உறுப்பினருக்கும் ஓர் ஓட்டு. 26 மாநிலம் வேண்டும். துணை அதிபரைச் செனட் தேர்ந்தெடுக்கும், ஆகவே இருவரும் வேறு வேறு கட்சியாகவும் அமையலாம். தேர்வாளர் முறையை ஆதரிப்பவர்கள்கூட இந்தப் பகுதிக்காக வாதாடி நான் கேட்டதில்லை.

இந்த முறைக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது எது?

கூட்டாட்சி, பரந்த ஆதரவு, உதிரிக் கட்சிகளுக்குத் தடை என்று பல சொல்வார்கள். என்னை யோசிக்க வைப்பது நிர்வாக வாதம். நம் ஊரில் தேர்தல் ஆணையம் என்ற ஒரே அமைப்பு, ஒரே விதி, ஒரே இயந்திரம். அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்களும் மாவட்டங்களும். மெய்னிலும் வெர்மாண்டிலும் சிறையில் இருப்பவரும் ஓட்டுப் போடலாம். வேறு சில மாநிலங்களில் தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் சிலருக்கு ஓட்டு இல்லை. தேசிய மொத்தம்தான் முடிவு என்று ஆகிவிட்டால், ஒரு மாநிலம் ஓட்டு வயதை 16 ஆகக் குறைத்துத் தன் எடையைக் கூட்டிக்கொள்ளலாம். நெருக்கமான தேர்தல் என்றால் ஃபுளோரிடாவில் நடந்த கூத்து ஐம்பது மாநிலங்களிலும் நடக்கும்.

இதற்குப் பதில் உண்டு: பதினைந்து கோடிப் பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் சில நூறு வித்தியாசம் வருவது அரிது, அதை மாநில வாரியாகத் துண்டு துண்டாக உடைப்பதால்தான் 537கள் பிறக்கின்றன. என்றாலும் நேரடித் தேர்தல் கேட்பவர்கள் முதலில் தேசிய விதிகளைக் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை.

இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் ஏன் ஒழிக்கவில்லை?

ஒருமுறை வாசல்வரை வந்தார்கள். 1968இல் வாலஸ் கொடுத்த அதிர்ச்சியில், நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 1969 செப்டம்பரில் 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. செனட்டில் தெற்குப் பிரமுகர்கள் விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்தார்கள். 1970இல் அதை முறியடிக்க இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் ஓட்டுப் போதவில்லை. 1979இல் செனட்டில் மறுபடி ஓட்டுக்கு விட்டபோது ஆதரவு 51, எதிர்ப்பு 48. மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமே. அப்போது எதிர்த்தவர்களில் சில கறுப்பினத் தலைவர்களும் உண்டு. பெரிய இழுபறி மாநிலங்களின் நகரங்களில் தங்கள் ஓட்டுக்கு இருக்கும் பேரம் பேசும் பலம் போய்விடும் என்பது அவர்கள் கவலை.

இப்போது அரசியல் சட்டத்தைத் தொடாமலே ஒரு சுற்றுவழி. நாடளவில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. சேர்ந்தவற்றின் கூட்டு 270ஐத் தொட்டால் அமலாகும். 2007இல் மேரிலாந்து தொடங்கியது. 2024இல் மெய்ன் சேர்ந்தபோது கூட்டு 209. சேர்ந்தவை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். இழுபறி மாநிலம் எதற்குத் தன் சீதனத்தைத் தானே விட்டுக்கொடுக்கும்? அந்த ஆண்டு பியூ ஆய்வு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 63 சதவீதத்தினர் மக்கள் ஓட்டே முடிவு செய்யட்டும் என்றார்கள். மாநிலச் சட்டமன்றங்களின் கணக்கு வேறு.

இந்தியக் குடியரசுத் தலைவரையும் மறைமுகமாகத்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

ஆம், ஆனால் ஒப்பிடுவதற்குள் ஒரு வேறுபாடு. இங்கே தேர்வாளர்கள் முகமறியாதவர்கள் அல்ல. நாம் வேறு வேலைக்குத் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. மக்கள் தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நட்டப்படக் கூடாது என்று, இந்த மதிப்பை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். அப்படித்தான் கலிபோர்னியா 2020 கணக்கெடுப்புக்குப் பின் 55லிருந்து 54 ஆனது. நம் பதவி பெரும்பாலும் அலங்காரப் பதவி என்பதால் யாரும் தெருவில் இறங்குவதில்லை. நிர்வாக அதிகாரமுள்ள அதிபரைத் தேர்வாளர்கள் மூலம் தேர்ந்தெடுத்துவந்த அர்ஜென்டினா 1994இல் அதைக் கைவிட்டது.

கமலா ஹாரிஸ் தன் தோல்வியைத் தானே அறிவித்தார் என்பது உண்மையா?

உண்மை. தேர்வாளர் ஓட்டுகளை ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் எண்ணுவார்கள். துணை அதிபரே செனட் தலைவர் என்பதால் அவர்தான் தலைமை. மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் கொண்டவரின் மகள், 2025 ஜனவரி 6 அன்று, பனி கொட்டிய வாஷிங்டனில், டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று தன் பெயரைத் தானே வாசித்தார். நான்கு ஆண்டுக்கு முன் அதே நாளில் கும்பல் புகுந்தபோது ஓட்டுச் சான்றிதழ்கள் அடங்கிய மரப்பெட்டிகளை ஊழியர்கள் தூக்கிக்கொண்டு ஓடிய கட்டடம் அது.

அவர் முதல் ஆளும் அல்ல. 1961இல், துணை அதிபராக இருந்த நிக்சன் இதைச் செய்தார். ஹவாயிலிருந்து ஒன்றுக்கொன்று போட்டியான சான்றிதழ்கள் வந்திருந்தன. எதிராளி கென்னடிக்குப் போகும் சான்றிதழையே ஏற்கச் சொன்னார். 2001இல், துணை அதிபராக இருந்த அல் கோர். அவருக்காக வாதாட, பிரதிநிதிகள் சபையின் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஃபுளோரிடா ஓட்டுக்கு ஆட்சேபம் சொன்னார்கள். ஆட்சேபத்தில் ஒரு செனட்டரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது விதி, ஒருவர்கூடப் போடவில்லை. செனட்டர் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கோர் கேட்டார். இல்லை என்றதும், தனக்காக எழுந்தவர்களைத் தானே உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த மாநிலத்துக்குப் போனார்.